கேட்காமல் எடுத்த கன்று

தம்பி, உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தோட்டத்து ஆபீசில் போய் வாங்கிவந்த உன் அப்பா, தானே ஒரு தடவை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டு முடித்து, வாய் கொப்பளித்து, அதற்குப் பிறகுதான் என் கையில் கொடுத்தார். உள்ளே ஏதோ இருக்கிறதென்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மறுநாள் ஆயாக்கொட்டகையில், ரப்பர்ப் பால் வெட்டப் போனவர்களின் பிள்ளைகளையெல்லாம் தூங்கவைத்துவிட்டு, எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்தேன். நீ இரண்டு விஷயம் கேட்டிருக்கிறாய். பாக்கியத்தின் மகள் தனத்தை நீ கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதமா என்பது ஒன்று. நான் மனசார வந்து நின்றால்தான் மாலை போட்டுக்கொள்வேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறாய். ரவாங்கில் ரயில்வேயில் உனக்குக் கொடுத்திருக்கும் வீட்டின் முன்னால் பன்னிரண்டடி மண் இருக்கிறது, அதில் என்ன சின்ன மரம் வைக்கலாம் என்பது இன்னொன்று. முதல் கேள்வியை நாலு பக்கம் எழுதிவிட்டு, இரண்டாவதைக் கடைசியில் ஒரே வரியில் ஒட்டவைத்திருக்கிறாய். கள்ளப்பயலே, அம்மாவைக் குளிரவைக்கத்தான் மரத்தைக் கேட்டாய் என்று எனக்குத் தெரியாதா? பரவாயில்லை. எனக்கு எது சுலபமோ அதை முதலில் சொல்கிறேன்.

ரம்புத்தான் வேண்டாம். வைக்கும்போது முழங்கால் உயரம்தான் இருக்கும், உன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது கூரையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். முருங்கை ஒரு பெருமழைக்கு ஒடிந்து வாசலை அடைத்துக்கொள்ளும், கம்பளிப்பூச்சி வேறு. கொய்யா வைத்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மரத்தில் ஏறும், செவ்வெறும்பு பிள்ளைகள் மேல் ஏறும். கம்போஜாப் பூ அழகுதான், ஆனால் மலாய்க்காரர்கள் அதைக் கல்லறையில் வைக்கிறவர்கள். அடுத்த வீட்டு மலாய்க்காரர் நல்ல மனிதர் என்று எழுதியிருக்கிறாய், அவரை எதற்குத் தினமும் பயமுறுத்த வேண்டும்? எலுமிச்சை பிழைத்தாலும் பிழைக்கும், ஆனால் நீ இருட்டில் வேலை முடிந்து வருகிறவன், முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொள்வாய். நான் சொல்வது கறிவேப்பிலை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். வேர் சுவரை முட்டாது. அதைவிட முக்கியமானது, அது ஆளை வரவைக்கும். "அக்கா, தாளிக்க ஒரு கொத்து ஒடிச்சிக்கட்டுமா?" என்று ஒருத்தி வருவாள், மறுநாள் இன்னொருத்தி வருவாள். புது ஊரில் வாழப்போகிற பெண்ணுக்கு அதைவிட நல்ல துணை வேறு என்ன?

இலை இலையாகக் கிள்ளாதே, கொத்தாக ஒடி, அப்போதுதான் பக்கத்தில் துளிர்க்கும். பழம் பழுக்க விடாதே. புளித்த மோரில் தண்ணீர் கலந்து ஊற்று. ரயில்வே மண் கரித்தூளும் கல்லுமாக இருக்கும், ஒரு முழம் தோண்டிக் கொட்டிவிட்டு வேறு மண் போடு. விதை போட்டுக் காத்திருக்காதே, பெரிய மரத்தைச் சுற்றி வேரிலிருந்து முளைக்கும் கன்றுதான் சீக்கிரம் பிடிக்கும். ஆனால் அதை அப்படியே பிடுங்கக் கூடாது. தாய் மரத்தோடு அதைச் சேர்க்கும் வேரைக் கத்தியால் வெட்டிவிட்டு, பத்து நாள் இருந்த இடத்திலேயே விட வேண்டும். அந்தப் பத்து நாளில் அது தன் வேரிலேயே நிற்கப் பழகிக்கொள்ளும். இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அந்தக் கன்றைக் கேட்டு வாங்கக் கூடாது. கொடுக்கிறவள் கொடுத்தேன் என்று சொல்லக் கூடாது, எடுக்கிறவள் வாங்கினேன் என்று சொல்லக் கூடாது. அவள் பார்க்காதபோது திருடிக்கொண்டுவந்து வைக்க வேண்டும். நம் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் அப்படித்தான். நீ சிரிப்பாய். நானும் ஒரு காலத்தில் சிரித்தேன்.

இத்தனை சொல்கிறவள் வீட்டுக் குழம்பில் ஏன் கறிவேப்பிலையே இருப்பதில்லை என்று பள்ளிக்கூட லீவில் வந்தபோது நீ கேட்டிருக்கிறாய். வீட்டுக்குப் பின்னால் நல்ல மரம் நிற்கும்போதே கேட்டாய். எனக்கு அந்த வாசனை ஒத்துக்கொள்ளாது என்றேன். அது பொய். பாக்கியம் என்னைப் போலீசில் காட்டிக்கொடுத்தவள் என்றும் உன்னிடம் சொன்னேன். அது பாதி உண்மைகூட இல்லை. நீ அப்போது ரவாங்கில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய், நான் சொன்னதுதான் உனக்குக் கதை. முழுக்கதையை இப்போது சொல்கிறேன். உன் முதல் கேள்விக்குப் பதிலும் அதற்குள்ளேதான் இருக்கிறது, பொறுமையாகப் படி.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் கடுமையாக இருந்த வருஷங்கள் அவை. தோட்டத்தின் மேல்பிரிவில் சிதறிக்கிடந்த நம் வீடுகளையெல்லாம் பிரித்துக்கொண்டுவந்து, கீழ் லயத்தோடு சேர்த்து, சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாதாம். வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி போகக் கூடாது. வேலை இல்லாமல் வேலி ஓரம் போய் யாரும் நிற்கவும் கூடாது. காலையில் கேட்டைத் திறந்தால் ஒவ்வொருவர் மடியையும் வாளியையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். புது வீட்டில் எனக்கு யாரையும் தெரியாது. கீழ் லயத்துக் கடைசி வீட்டில் இருந்த பாக்கியம்தான் முதல் நாளே வந்து அடுப்புக் கல் வைத்துக்கொடுத்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து, தனத்தை ஒற்றை ஆளாக வளர்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிட இளையவள், வாய்க்கு வாய் அக்கா அக்கா என்பாள். அவள் வாசலில், வேலிக்கு ஆறடி தள்ளி, ஒரு கறிவேப்பிலை மரம் நின்றது.

அதிலிருந்து அவள் கையாலேயே இரண்டு கன்று கொடுத்தாள், இரண்டும் பட்டுப்போயின. அவளுக்கு அது மனசுக்குச் சங்கடமாகிவிட்டது. "மூணாவதும் பட்டுச்சுன்னா வீட்டுக்கு ஆகாதுக்கா. இந்தத் தடவ நா குடுக்க மாட்டேன். வேர வெட்டி வச்சிருக்கேன். நா பாக்காதப்ப நீங்களே வந்து புடுங்கிக்குங்க" என்றாள். "யாராச்சும் கேட்டா?" என்றேன். "யாரு கேட்டா என்னலா? தொரையே வந்து கேட்டாலும் நா குடுக்கல, எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்லுவேன்" என்றாள். இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். தம்பி, இந்தப் பேச்சைத்தான் இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொல்லாமல் மறைத்துவைத்தேன்.

ஒரு சாயங்காலம், பாக்கியம் உள்ளே ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது போனேன். குந்தி உட்கார்ந்து, கரண்டிக் காம்பால் மண்ணைக் கிளறி, கன்றை எடுத்து, கையோடு கொண்டுபோன சாக்குத் துண்டில் சுற்றி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். திருடுகிறோம் என்ற குஷியில் இரண்டு பக்கமும் திருதிருவென்று பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தேன். காவல் மேடையில் இருந்த மாத்தா-மாத்தா, அந்தப் போலீஸ்காரன், இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவன் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார். வேலி ஓரம் ஒரு பொம்பளை குழி தோண்டுகிறாள், எதையோ மடியில் மறைக்கிறாள், ஓடுகிறாள். விசில் ஊதிவிட்டான்.

பிடித்துக்கொண்டுபோய் நிறுத்தின கேட் கொட்டகையில் போலீஸ் சார்ஜெண்ட் மூட்டையைப் பிரித்தார். "இனி அப்பா?" என்றார், இது என்ன என்று மலாயில். நான் "பொக்கோ காரி, துவான்" என்றேன். கறிவேப்பிலைச் செடி என்றதும் சிரித்துவிட்டார். அதோடு முடிந்திருக்கும். யார் கொடுத்தது என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். பாக்கியம் கொடுத்தாள் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் சொன்னால் கன்று பட்டுப்போகுமே! கேட்காமல் எடுத்தேன் என்று விளக்கிச் சொல்ல எனக்கு மலாய் ஏது? தெரிந்தது ஒரே வார்த்தை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "யாரும் குடுக்கல துவான். சூரி" என்றேன். சூரி என்றால் திருட்டு. அவர் முகம் மாறிவிட்டது. சாக்கை வாங்கி உதறினார். அது பழைய அரிசிச் சாக்கு. தையல் மடிப்பிலிருந்து அரிசி மேசையில் உதிர்ந்தது, பத்து மணிகூட இருக்காது.

ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியை அனுப்பிப் பாக்கியத்தைக் கூட்டிவரச் சொன்னார்கள். கையில் மாவு ஒட்டியிருக்க, வாசலோடு வந்து நின்றாள். அரிசியை அவள் பார்க்கவில்லை, சார்ஜெண்ட் அதைக் காகிதத்தில் மடித்துவிட்டிருந்தார். "இந்தக் கன்ன நீதான் குடுத்தியா?" என்று கிராணி கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு. "நா குடுக்கலங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட சந்தோஷத்தோடு போய்விட்டாள். ஐயோ, பாக்கியம் என்று கூப்பிடுவதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். அடுத்த லோரியிலேயே என்னை ஸ்டேசனுக்கு ஏற்றிவிட்டார்கள்.

நாலு நாள் வைத்திருந்தார்கள். யாருக்கு அரிசி, எத்தனை தடவை, குழி யாருக்காக என்று கேட்டதையே கேட்டார்கள். அடிக்கவில்லை. ஆனால் கதவில்லாத இடத்தில் ஒரு பொம்பளையை நாலு நாள் வைத்திருந்தால் அவள் என்ன ஆவாள் என்பதை உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை, அதை விட்டுவிடு. ஐந்தாம் நாள் காலையில் விட்டுவிட்டார்கள். அந்தக் காய்ந்த கன்றையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். உன் அப்பா வழியிலேயே சொன்னார்: "பாக்கியம் விசயம் தெரிஞ்ச ஒடனே தொரகிட்ட ஓடியிருக்கா. நாந்தான் எடுக்கச் சொன்னேன், எங்க பழக்கம் அப்படின்னு அழுதிருக்கா. அப்ப ஏன் மொதல்ல பொய் சொன்னேன்னு அவளயும் ரெண்டு நாள் உக்கார வச்சிக் கேட்டிருக்காங்க. அவ சொல்லித்தான் ஒன்ன விட்டாங்க." நான் காதில் விழாத மாதிரி நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் கன்றைச் சாக்கடையில் வீசினேன்.

அன்று சாயங்காலம் குழாயடியில் லயமே தண்ணீர் பிடிக்க நின்றது. பாக்கியம் வாளியைக் கீழே போட்டுவிட்டு, "அக்கா" என்று ஓடிவந்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டு, "தள்ளிப் போடி, காட்டிக்கொடுத்தவளே!" என்று கத்தினேன். எனக்குக் கோபம் தாங்கவில்லை, தம்பி. சார்ஜெண்டிடம் காட்ட முடியுமா, தொரையிடம் காட்ட முடியுமா? கைக்கு எட்டினவள் அவள்தான். அதற்குப் பிறகும் யார் கேட்டாலும் அதையேதான் சொன்னேன். அந்தக் காலத்தில் அந்த வார்த்தை என்ன வார்த்தை என்று உனக்குத் தெரியும். காட்டிக்கொடுத்தவர்கள் என்று பேர் வாங்கினவர்கள் காட்டுக்குள் இருந்தவர்கள் கையால் ரப்பர் மரத்தடியில் செத்துக்கிடந்த காலம். ஒரு காலையில் பாக்கியம் பால் வெட்டப் போனபோது, அவள் வெட்டும் நிரையில் முதல் மரத்துப் பட்டையில் யாரோ கத்தியால் அவள் பெயரைக் கீறிவைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் தனத்தையும் ஒரு தகரப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு, ஈஜோக் பக்கம் அண்ணன் இருந்த தோட்டத்துக்குப் போய்விட்டாள். லோரி நம் வீட்டைத் தாண்டிப் போனபோது நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சார்ஜெண்ட் கேட்டபோது நான் சொன்ன அதே பொய்யைத்தான் அவளும் சொன்னாள். அதே காரணத்துக்காகத்தான் சொன்னாள். சொல்லுவேன் என்று முன்னாலேயே என்னிடம் சொல்லியும் வைத்திருந்தாள். இது எனக்குப் பிறகு தெரிந்ததல்ல, அந்தக் குழாயடியில் நின்றபோதே தெரியும். தெரிந்தேதான் கத்தினேன். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தப் பெயரைக் கீறினது என் கைதான். நான் சாக்கடையில் போட்ட கன்றை உன் அப்பா எடுத்துவந்து வீட்டுக்குப் பின்னால் நட்டார். அந்தப் பாவி மரம் பிழைத்துக்கொண்டது. அதில் ஒரு இலை கிள்ள எனக்கு இத்தனை வருஷமாகத் துணிச்சல் வரவில்லை. நீ கோபக்காரன், என் ரத்தம். தனம் ஏதாவது சொல்லி உனக்குச் சுருக்கென்று தைத்தால், வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் குடி. கேலிக்குச் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவிடம், "ஈஜோக்குக்குப் போயிட்டு வரேன்" என்றேன். "பஸ்ஸு ஒம்போது மணிக்கு" என்றார். பாக்கியம் அங்கேயும் லயத்துக் கடைசி வீட்டில்தான் இருக்கிறாள். வாசலில் கறிவேப்பிலை மரம், சுற்றி ஏழெட்டுக் கன்று. தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். "வாங்கக்கா, வெயில்ல நிக்காதீங்க" என்றாள். அந்த அக்காவைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பாக்கியம், நா ஒனக்குச் செஞ்சது" என்று ஆரம்பித்தேன். "இப்ப எதுக்குலா அதெல்லாம்" என்றாள். "இல்ல, சொல்லியே ஆகணும். நீ சொன்னதத்தான் நீ செஞ்ச. அது எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சேதான் ஒம்பேரக் கெடுத்தேன்" என்றேன். "நீங்க கொழாயடியில கத்துனது எனக்குப் பெருசா படலக்கா. ஒங்க வாயி எனக்குத் தெரியாதா? அந்த மரத்துல எம்பேரப் பாத்தேன் பாருங்க, அப்ப தனத்துக்கு எட்டு வயசு. எனக்கு என்னமாச்சும் ஆனா இவள யாரு பாப்பான்னு நா நின்ன நெல இருக்கே, அது மட்டும் ஆறல. ஆறிடுச்சின்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆற வேணாம்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் வந்த காரியத்தைக் கேட்டேன். "பொண்ணு கேக்க வந்திருக்கேன். எம்மவனுக்குத் தனத்தக் குடுப்பியா?"

அவள் எழுந்தாள். "டீ கலக்குறேன்" என்று உள்ளே போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரத்தைக் கடமுடவென்று உருட்டினாள். அங்கிருந்தே சத்தமாக, "நா உள்ளதான் இருக்கேன். வாசல்ல என்ன நடக்குதுன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது!" என்றாள். நான் மரத்தடியில் குந்தினேன். இருந்ததில் செழிப்பான கன்றைப் பிடித்து மண்ணை விலக்கினேன். ஒரு இழுப்புக்குக் கையோடு வந்துவிட்டது. தாய் வேர் ஏற்கெனவே வெட்டியிருந்தது, தம்பி. வெட்டின இடம் நன்றாகக் காய்ந்திருந்தது, பத்து நாளாவது இருக்கும். உன் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்னாலேயே அவள் வெட்டிவைத்திருக்கிறாள். டீயோடு வந்தவள் என் மண் கையைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி கோப்பையை நீட்டினாள். "சீனி போதுமான்னு பாருங்க, சம்பந்தி" என்றாள்.

திரும்பி வரும்போது நம் தோட்டத்துக் கேட்டில் நின்ற மாத்தா-மாத்தா சின்னப் பையன். இப்போது முன்போல யாரும் மடியைத் தடவுவதில்லை. கையில் என்ன என்று மட்டும் கேட்டான், பொக்கோ காரி என்றேன், தலையாட்டிவிட்டான். யார் கொடுத்தது என்று அவன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்று ராத்திரி ரசத்துக்குப் பின்வாசல் மரத்தில் ஒரு கொத்து ஒடித்துப் போட்டேன். உன் அப்பா மூன்று தடவை ஊற்றிக்கொண்டார்.

ஆக, உன் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டேன். மரத்தைக் கேட்காமல் எடுக்க வேண்டும், பெண்ணைக் கேட்டு எடுக்க வேண்டும். பெண்ணை நான் கேட்டுவிட்டேன். மரத்தை நீதான் எடுக்க வேண்டும். சனிக்கிழமை வா. கன்று பின்வாசலில் உடைந்த பானையில் இருக்கிறது. நான் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன், எடுத்துக்கொண்டு போய் உங்கள் வாசலில் வை. யார் வந்து கேட்டாலும் நான் கொடுக்கவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சொல்வேன்.